ஃபாக்டரி வந்தா ஒரு ஊரோட வாழ்க்கை எப்படி மாறும்?

புத்தகத்துல இங்கிலாந்து கதைதான் வரும், 1851 கணக்கெடுப்புலயே அங்க பாதிக்கு மேல ஜனம் டவுன்ல இருந்துச்சுன்னு. நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல கதை வேற மாதிரி, இங்க ஜனம் டவுனுக்குப் போகல, ஃபாக்டரிதான் ஊருக்குள்ள வந்துச்சு. அண்டி ஆபீஸைத்தான் சொல்றேன் (முந்திரி ஃபாக்டரிங்க, ஆபீஸ்னு ஏன் பேர் வந்துச்சோ!). கேரளாவுல கூலிச் சட்டமும் யூனியனும் ஸ்ட்ராங் ஆனதும் கொல்லம் முதலாளிங்க நிறைய பேர் செலவு கம்மின்னு மார்த்தாண்டம், கருங்கல் பக்கம் வந்துட்டாங்க.

வேலைக்குப் போனது முக்கால்வாசி பொம்பளைங்க. அதுவரைக்கும் வயல்ல நடவு அறுப்புன்னு சீசன் பாத்து வேலை, இப்போ சங்கு ஊதுனா உள்ள இருக்கணும், கிலோ கணக்குல கூலி, எவ்வளவு பருப்பு உடையாம எடுக்கிறியோ அவ்வளவு காசு. தோட்டுல (கொட்டையோட மேல் ஓடு) இருக்க எண்ணெய் பட்டா கை வெந்து கருத்துடும், சாம்பல் பூசிக்கிட்டுதான் தல்லுவாங்க (தட்டி ஓட்டை உடைக்கிறது), அந்தக் கையைப் பாத்தே எந்த வேலைன்னு சொல்லிடலாம்.

ஆனா வாரக் கூலி அவங்க கையில வந்துச்சு பாருங்க, அதுதான் பெரிய மாற்றம்னு நான் நினைக்கிறேன். சீட்டு போட்டாங்க, நகை எடுத்தாங்க, புள்ளைங்களைப் படிக்க வச்சாங்க. இன்னொரு பக்கம், அம்மா காலையிலயே கிளம்பிட்டா கைக்குழந்தைய யாரு பாக்குறது? மூத்த பொண்ணு ஸ்கூலை விட்டுட்டு வீட்ல இருந்துச்சு. படிச்ச புள்ளைங்க இப்போ வளைகுடாவுக்கும் சென்னைக்கும் போயாச்சு, அண்டி ஆபீஸ்ல உக்காந்திருக்கிறது பெரும்பாலும் வயசான அம்மாங்கதான்.