சிறிய விமானத்தில் ஸ்டால் ஏற்பட்டால் விமானி முதலில் என்ன செய்ய வேண்டும்?

மூக்கைக் கீழே இறக்க வேண்டும். “உடனே த்ராட்டிலை (எஞ்சின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் பிடியை) முழுதாகத் தள்ளு” என்று இங்கே ஒருவர் எழுதி, அதற்குப் பலர் தலையாட்டியிருப்பதைப் பார்த்தபின் சும்மா இருக்க முடியவில்லை.

நீங்கள் பயிற்சியில் சேர்ந்து, முதல் ஸ்டால் பாடத்துக்கு முந்தைய இரவில் இதைக் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். ஸ்டால் என்றால் எஞ்சின் நிற்பது அல்ல; எஞ்சின் நன்றாக ஓடும்போதே வரும். இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் சுமார் 15 பாகையைத் தாண்டினால், மேற்பரப்பை ஒட்டி ஓடும் காற்று பிரிந்துவிடுகிறது, தூக்குவிசை சரிகிறது; அதுதான் ஸ்டால். நோய் கோணத்தில் இருக்கிறது, மருந்தும் அங்கேதான். வேகத்தை மட்டும் நம்பாதீர்கள். செஸ்னா 172எஸ் விமானத்தில் ஃப்ளாப் (மெதுவாகப் பறக்க உதவும் இறக்கைப் பின்பலகை) இறக்காமல் நேராகப் பறக்கையில் 48 நாட் (மணிக்கு 48 கடல்மைல்) வேகத்தில் வரும் ஸ்டால், உயரம் குறையாமல் 60 பாகை சாய்ந்து திரும்பினால் 68 நாட் வேகத்திலேயே வந்து நிற்கும்.

நான் பயிற்றுநர். திருநெல்வேலிப் பக்கத்துப் பையன் ஒருவன் என்னிடம் வந்தான். புத்தகத்தை அடிபிறழாமல் ஒப்பிப்பான். நாலாயிரம் அடியில் த்ராட்டிலைக் குறைத்து மூக்கைத் தூக்கச் சொன்னேன். எச்சரிக்கை ஊதல் முனகி, பிறகு அலறியது. விமானம் உதறி, இடது இறக்கை சரிந்தது. இழுத்தால் மூக்கு எழும், தள்ளினால் இறங்கும் கைச்சக்கரமான யோக்கை அவன் வலப்பக்கம் திருகினான். யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் சரிந்த இறக்கையின் பின்விளிம்பில் அசையும் பலகையான எய்லரான் அப்போது கீழிறங்கி, அங்கே கோணத்தை இன்னும் கூட்டுகிறது. இறக்கை மேலும் விழுந்தது, மூக்கு இடப்பக்கம் சுழலத் தொடங்கியது, முன்கண்ணாடி முழுக்க வயல். அவனோ யோக்கை வயிற்றோடு இழுத்துப் பிடித்திருந்தான்.

“விடு தம்பி, நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று வாங்கினேன். த்ராட்டிலைப் பின்னுக்கு இழுத்து, எய்லரானை நடுவில் வைத்து, மூக்கை இடம்வலம் திருப்பும் வால்பலகையான ரடரை வலப்பக்கம் முழுதாக மிதித்து, யோக்கை முன்னே தள்ளினேன். சுழற்சி நின்றதும் ரடரை விட்டு மெதுவாக மேலே எடுத்தேன். “எல்லாம் தெரியும் சார், கைதான் கேட்கவில்லை” என்றான். ஒளிக்காமல் சொன்னானே என்று அவன்மேல் மரியாதை வந்தது. கை கேட்கும்வரை அன்றே திரும்பத் திரும்பச் செய்யவைத்தேன். தரையிறங்கக் கடைசித் திருப்பத்தில், ஐந்நூறு அடியில் இப்படி நடந்தால் மீள உயரம் இருக்காது.

“செஸ்னாக்காரனுக்கு என்ன தெரியும்” என்று சிலர் வருவார்கள். பெரிய விமானங்களிலும் இதே கதைதான். 2009 பிப்ரவரியில் அமெரிக்காவின் பஃபலோ நகர் அருகே விழுந்த கோல்கன் ஏர் 3407 பயணிகள் விமானத்தில், எச்சரிக்கை வந்ததும் கேப்டன் யோக்கை இழுத்தார். அதே ஆண்டு ஜூனில் ஏர் பிரான்ஸ் 447 எஞ்சின்கள் ஓடிக்கொண்டிருக்க, மூக்கைத் தூக்கியபடியே அட்லாண்டிக்கில் விழுந்து 228 பேர் இறந்தார்கள். அதுவரை, உயரத்தை இழக்காமல் மீள்வதே பயிற்சியில் பெருமையாக இருந்தது. 2012-இல் அமெரிக்காவின் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.ஏ.ஏ., கோணத்தைக் குறைப்பதே முதல் வேலை என்று வழிகாட்டுதலை மாற்றியது.

ஆகவே முதலில் மூக்கு, கூடவே ரடரால் திரும்பலைத் தடுப்பது. இறக்கை மீண்டும் காற்றைப் பிடித்தபின் எய்லரானால் சமன்செய்யலாம். த்ராட்டில் அதன் பிறகு. ஃப்ளாப் இறக்கியிருந்தால் படிப்படியாக ஏற்றுங்கள். உங்கள் விமானத்தின் கையேடு வேறு வரிசை சொன்னால் அதுதான் சட்டம்; என்னோடு சண்டைக்கு வர வேண்டாம்.

இவ்வளவும் தெரிந்தும், எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் “இன்னும் சின்ன விமானம்தானா?” என்றுதான் கேட்கிறார்கள். எனக்குப் பறந்த மணிக்குத்தான் சம்பளம். மழைக்காலம் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். மாணவர்களிடம் பயிற்சிப் பள்ளி முன்கூட்டியே வாங்கும் பணத்துக்கு மட்டும் மழைக்காலம் கிடையாது. இதற்கு மேல் எழுதினால் வேலை போய்விடும்.