வளவுக்குள் வேடிக்கை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பென்சன் எடுத்து ஐந்து மாதம். பறவை பார்க்கலாம் என்று நினைக்கிறேன். மகன் பைனாகுலர் வாங்கி அனுப்புகிறாராம். 8×42 நல்லதா, 10×50 நல்லதா? நான் கண்ணாடி போடுபவன். (உப்புவெளி)

பதில்: 8×42 போதும். 8 என்பது எத்தனை மடங்கு பெருக்கும் என்பது. 42 முன்வில்லையின் மில்லிமீற்றர் அகலம். பெருக்கம் கூடினால் கைநடுக்கமும் சேர்ந்தே பெருகும். 10×50 பாரமானதும்கூட, கொஞ்ச நேரத்தில் கழுத்து நோகும். கண்ணாடி போடுபவர் என்பதால், கண்ணுக்கும் வில்லைக்கும் இடையே 15 மி.மீ.க்குக் குறையாத தூரம் வைத்துப் பார்க்கக்கூடியதா என்று மகனிடம் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பார்க்கும்போது றப்பர் கிண்ணங்களைக் கீழே இறக்கிவிடுங்கள்.

வந்ததும் முதலில் நடுமூட்டை மடக்கி விரித்து, இரண்டு வட்டமும் ஒன்றாகும்வரை சரிசெய்யுங்கள். "எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது" என்று மூலையில் போடுபவர்கள் பெரும்பாலும் இதைச் செய்யாதவர்கள்தான். பிறகு வலக்கண்ணை மூடி, தூரத்துப் பனையோலை ஒன்றை நடுச்சக்கரத்தால் தெளிவாக்குங்கள். இனி இடக்கண்ணை மூடி, சக்கரத்தைத் தொடாமல், வலக்கண் பக்க வளையத்தை மட்டும் திருப்பி அதே ஓலையைத் தெளிவாக்குங்கள். வளையம் நிற்கும் இடத்தைக் குறித்து வையுங்கள். அதன்பின் நடுச்சக்கரம் மட்டுமே வேலை.

உங்கள் பக்கம் கடற்காற்று. சாரன் முனையால் துடைத்தால் உப்பும் மணலும் வில்லையைக் கீறிவிடும். முதலில் ஊதுபந்தால் ஊதி, பிறகே வில்லைத்துணி. மாரியில் தோலுறையோடு அலுமாரியில் பூட்டினால் பூஞ்சணம் பிடிக்கும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பைகளோடு வையுங்கள்.

கேள்வி: வயலோரப் பனையில் தூக்கணாங்குருவிக் கூடுகள் பாதியில் நிற்கின்றன. பாம்பா, காகமா காரணம்? (தம்பலகாமம்)

பதில்: இரண்டும் இல்லாமல் இருக்கலாம். பெண் பறவைக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். கூடு பின்னுவது ஆண். நெல்லோலையின் ஓரத்தில் அலகால் ஒரு வெட்டு வெட்டி, நுனியைக் கவ்விக்கொண்டு பறக்கும். நார் நீளமாக உரிந்து வரும். கூடு கவிழ்த்த தலைக்கவசம் போல வந்ததும், குறுக்கே ஒரு சட்டம் வைத்து நிறுத்திவிடும். பிறகு அடியில் தொங்கி, சிறகடித்துச் சத்தம் போடும். பெண் உள்ளே போய் நாரை இழுத்துப் பார்க்கும். பிடித்தால் ஆண் குஞ்சறையையும் நீண்ட வாயிலையும் முடித்துவிட்டு அடுத்த பெண்ணுக்காக அடுத்த கூட்டைத் தொடங்கும். பிடிக்காவிட்டால் அந்தக் கூடு அப்படியே தொங்கும். கலியாணத்துக்கு வீடு கேட்கும் வழக்கம் இங்கேயும் உண்டு, பார்த்தீர்களா!

சூரியன் முதுகுப்பக்கம் இருக்க, இருபது இருபத்தைந்து காலடி தள்ளி உட்காருங்கள். மரத்தடியில் நின்றால் வேலை நின்றுவிடும். காலை ஆறரைக்கும் எட்டரைக்கும் இடையில் போவது நல்லது. மருந்தடித்த வயலுக்குள் அன்றைக்கு இறங்காதீர்கள்.

கேள்வி: தண்ணீர்ச் சட்டி வைத்தும் ஒரு குருவியும் இறங்குவதில்லை. டெங்கு என்று மனைவி வேறு ஏசுகிறார். (திருகோணமலை நகர்)

பதில்: சட்டி ஆழமாக இருக்கும். சிறிய பறவைகளுக்கு 3 செ.மீ. தண்ணீர் தாராளம். பளபளப்பான பீங்கான் வழுக்கும். சொரசொரப்பான மண்தட்டே நல்லது. நடுவில் தட்டையான கல் ஒன்று வையுங்கள். செடியோரம் ஒட்டி வைத்தால் பூனை பதுங்கும். இரண்டு மீற்றர் தள்ளி, நிழலில் வையுங்கள். ஒரு வாரமாவது இடத்தை மாற்றாதீர்கள். புலுனிக் கூட்டம் வந்தால் கவனியுங்கள்: மற்றவை குளிக்க, ஒன்று உயரத்தில் காவல் நிற்கும்.

மனைவி சொல்வது சரி. முட்டை ஒரு வாரம் பத்து நாளில் நுளம்பாகிவிடும். தினமும் தண்ணீரைக் கொட்டி மாற்றுங்கள். அதோடு விடாமல் உட்சுவரைத் தும்பால் உரசுங்கள். நீர்மட்டத்தில் ஒட்டிய முட்டை காய்ந்தாலும் சாகாது.

கேள்வி: கோணேசர் கோவிலுக்குப் போகும் வழியில் நிற்கும் மான்களுக்குப் பாண் கொடுக்கலாமா?

பதில்: கூடாது. அசைபோடும் வயிற்றில் பாண் வேகமாகப் புளித்து அமிலமாகும். பாண் வந்த பொலித்தீன் பையையும் சேர்த்து விழுங்கினால் குடல் அடைக்கும். பிரெட்ரிக் கோட்டை மரநிழலில் தள்ளி நின்று பார்த்தாலே போதும். புதிதாக முளைக்கும் கொம்பில் மென்மயிர்த் தோல் இருக்கும். அது காய்ந்ததும் மரத்தில் தேய்த்து உரிக்கும். கொம்பு முற்றிய கலைமானுக்குக் கிட்டப் போகாதீர்கள்.

கேள்வி: கந்தளாய்க் குளக்கட்டுக்கு விடியமுன் போகலாமா?

பதில்: வேண்டாம். யானை நடமாடும் நேரம். வெளிச்சம் வந்து, ஆட்கள் நடக்கத் தொடங்கிய பிறகு போங்கள்.

கேள்வி: விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகள் வருகிறார்கள். காசு செலவில்லாமல் என்ன காட்டலாம்? (மூதூர்)

பதில்: குழியானை. பெயர்தான் யானை, மணலில் குழி பறித்து எறும்பு பிடிக்கும் சின்னப் பூச்சிப்புழு. மழைத்தூவானம் படாத தாழ்வாரத்து மணலில் புனல் போன்ற சின்னக் குழிகள் இருக்கும். விளிம்பில் மணல்பருக்கை ஒன்றை உருட்டிவிடுங்கள். அடியிலிருந்து தலையால் மணலை எற்றும். எறும்பு விழுந்தாலும் அதுதான் நடக்கும்: மணல் சரிய, எறும்பு தாடைக்குள் போய்விடும். கரண்டியால் அள்ளித் தாளில் விட்டால் பின்னோக்கியே நடக்கும்.

வளர்க்க, அரித்த காய்ந்த மணல் 5 செ.மீ. போட்ட சிரட்டை ஒன்று போதும். ஈரமணல் சரியாது, அதனால் அதில் குழி தோண்டாது. ஒரு சிரட்டைக்கு ஒன்றுதான். இரண்டை விட்டால் ஒன்றையொன்று தின்றுவிடும். இரண்டு மூன்று நாளுக்கு ஓர் எறும்பு போடுங்கள். ஒருநாள் குழி தூர்ந்திருந்தால் செத்துவிட்டது என்று கொட்டிவிடாதீர்கள். மணலுக்குள் கடலை பருமனில் நூலால் கட்டிய மணலுருண்டை கிடக்கலாம். அதற்குள்தான் புழு பூச்சியாக உருமாறும். சிரட்டையின் மேல் வலைத்துணி கட்டி, ஏறிவர ஒரு ஈர்க்கு குத்தி வையுங்கள். தும்பி போன்ற, ஆனால் நுனி தடித்த உணர்கொம்புள்ள பூச்சி ஒன்று ஓர் இரவில் அந்த ஈர்க்கில் ஏறி நிற்கும்.