நினைவும் மறதியும்: கேள்விகளும் பதில்களும்

நினைவின் உளவியல் என் துறை. மருந்து, சிகிச்சை பற்றிய கேள்விகளுக்கு மருத்துவரே பதில் சொல்ல வேண்டும் என்பதை முதலிலேயே தெரிவித்துவிடுகிறேன்.

கேள்வி: ஏதோ ஒன்றை எடுக்க அடுத்த அறைக்குப் போகிறேன், உள்ளே நுழைந்ததும் எதற்காக வந்தேன் என்பது மறந்துவிடுகிறது. எனக்கு வயது 34. இது நோயின் தொடக்கமா?

பதில்: இது மட்டும் என்றால் இல்லை. நாம் அந்தந்தக் கணத்தில் மனத்தில் ஏந்தி வைத்திருக்கக்கூடியது மிகக் குறைவு. உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956-இல் அதை ஏறத்தாழ ஏழு கூறுகள் என்று மதிப்பிட்டார். பிற்கால ஆய்வுகள் அதையும் நான்கு அளவுக்குக் குறைத்துவிட்டன. நடக்கும்போது வேறு யோசனை குறுக்கிட்டால் வந்த நோக்கம் நழுவிவிடும். புறப்பட்ட இடத்துக்கே திரும்பினால், அங்கே கண்ணில் படும் பொருள்கள் அதை மீண்டும் எடுத்துக் கொடுப்பதும் உண்டு.

கேள்வி: நினைவுகள் மூளையின் எந்தப் பகுதியில் சேமிக்கப்படுகின்றன?

பதில்: ஒரே இடத்தில் இல்லை. இதை நமக்குத் தெளிவாக்கியவர் ஹென்றி மொலேசன் என்ற அமெரிக்கர். கடுமையான வலிப்பு நோயிலிருந்து விடுவிப்பதற்காக 1953-இல், அவருடைய 27-ஆம் வயதில், மூளையின் இருபுறமும் உள்ள ஹிப்போகாம்பஸ் என்ற உறுப்பின் பெரும்பகுதியையும் அதை ஒட்டிய பகுதிகளையும் அறுவை சிகிச்சையில் அகற்றினார்கள். வலிப்பு குறைந்தது, ஆனால் புதிய நிகழ்ச்சி எதையும் நினைவில் நிறுத்த அவரால் முடியாமல் போயிற்று. அவருடைய பேச்சும் அறிவுக்கூர்மையும் குன்றவில்லை. இளமைக்காலத்தைப் பற்றிப் பலவற்றைச் சொல்ல முடிந்தது. சில எண்களைச் சொன்னால், கவனம் சிதறாதவரை அவற்றைத் திருப்பிச் சொன்னார்.

உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவருக்கு ஒரு பயிற்சி கொடுத்தார். இரட்டைக் கோட்டால் வரைந்த நட்சத்திரம் ஒன்று. தன் கையைக் கண்ணாடியில் மட்டும் பார்த்தபடி, அந்த இரு கோடுகளுக்கும் இடையே பென்சிலை நகர்த்திச் செல்ல வேண்டும். யாருக்கும் தொடக்கத்தில் கை தடுமாறும். மொலேசனின் கை நாளுக்கு நாள் தேறியது. ஆனால் அப்படி ஒரு பயிற்சியைச் செய்ததாகவே அவருக்கு நினைவில்லை. நடந்ததை நினைவுகூர்வதும் கை பழகிக்கொள்வதும் மூளையின் வெவ்வேறு அமைப்புகளைச் சார்ந்தவை என்பது இப்படித்தான் புலப்பட்டது. 2008-இல் இறக்கும்வரை அவர் ஆய்வுகளுக்கு ஒத்துழைத்தார். நினைவைப் பற்றி இன்று நாம் அறிந்தவற்றில் பெரும்பங்கை அவருக்கே கடன்பட்டிருக்கிறோம்.

கேள்வி: நினைவாற்றலைக் கூட்ட எந்த மாத்திரை நல்லது?

பதில்: நலமாக உள்ளவரின் நினைவாற்றலை நிலையாகக் கூட்டுவதாக நிறுவப்பட்ட மாத்திரை எதுவும் இல்லை. வைட்டமின் பி12 குறைபாடு, தைராய்டு சுரப்புக் குறைவு போன்றவை நினைவைப் பாதிக்கும். அவற்றை இரத்தப் பரிசோதனையில் கண்டறியலாம்.

கேள்வி: தேர்வுக்காகப் பலமுறை படிக்கிறேன். படிக்கும்போது எல்லாம் தெரிகிறது. ஒரு வாரத்தில் பாதி மறந்துவிடுகிறது. என்ன செய்வது?

பதில்: மறதி தொடக்கத்தில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் நிகழ்கிறது என்பதை ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885-இலேயே, பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து அளந்து காட்டினார். அதைத் தடுக்கும் வழிகளில் ஒன்று, புத்தகத்தை மூடிவிட்டு, படித்ததை மனத்திலிருந்து வெளிக்கொணர்வது. உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு குழுவினர் ஒரு பகுதியை நான்கு முறை படித்தனர். மற்றொரு குழுவினர் ஒருமுறை படித்துவிட்டு, மூன்று முறை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தனர். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பத் திரும்பப் படித்தவர்களே முன்னிலையில் இருந்தனர். ஒரு வாரம் கழித்தோ எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 விழுக்காடும், படித்தவர்களுக்கு 40 விழுக்காடும் நினைவில் இருந்தன. தமக்கு நன்றாக நினைவிருக்கும் என்று கூடுதல் நம்பிக்கையோடு சொன்னவர்கள் திரும்பத் திரும்பப் படித்தவர்களே என்பதைக் கவனியுங்கள். உறுதியாகத் தோன்றுவது சரியாக இருப்பதற்குச் சான்று ஆகாது. எழுதிப் பார்ப்பதையும் ஒரே இரவில் முடிக்காமல், நாள் இடைவெளி விட்டுச் செய்யுங்கள், இடையில் தூங்குங்கள்.

கேள்வி: ஞாபக சக்திக்கு டானிக் ஏதாவது சொல்லுங்கள்.

பதில்: மாத்திரை பற்றிய பதிலே இதற்கும் பொருந்தும்.

கேள்வி: உறுதி சான்றாகாது என்பதை நான் ஏற்கவில்லை. சிறுவயதில் ஒரு பெரும் விபத்துச் செய்தியைக் கேட்ட கணம், நின்ற இடம், அணிந்திருந்த சட்டையின் நிறம் வரை எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

பதில்: விபத்து நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நான் ஐயப்படுவது, அதைச் சுற்றியுள்ள விவரங்களை. சேலஞ்சர் விண்கலம் 1986 ஜனவரி 28 அன்று வெடித்துச் சிதறியது. மறுநாள் காலையிலேயே உளவியலாளர் உல்ரிக் நைசர், அந்தச் செய்தியை எங்கே, எப்படிக் கேட்டீர்கள் என்று மாணவர்களிடம் எழுதி வாங்கிக்கொண்டார். இரண்டரை ஆண்டுக்கும் மேலான இடைவெளியில் அதே கேள்வியை அவர்களில் 44 பேரிடம் கேட்டபோது, பலருடைய விடைகள் முற்றிலும் மாறியிருந்தன. வகுப்பறையில் பிறர் பேசக் கேட்டதாக முதலில் எழுதிய மாணவி, விடுதி அறையில் தோழியுடன் தொலைக்காட்சியில் பார்த்ததாகப் பின்னர் உறுதியாகக் கூறினார். தம் கையெழுத்தையே காட்டிய பிறகும் அவர்களுக்குப் பழைய நினைவு திரும்பவில்லை.

கேள்வி (அதே நண்பர்): அவர்கள் அன்று அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் இருந்திருக்கலாம். எனக்கு அது ஆழமாகப் பதிந்த அதிர்ச்சி.

பதில்: அதிர்ச்சி, நிகழ்ச்சியின் மையத்தை ஆழப் பதிக்கும் என்பது உண்மை. உணர்ச்சியைக் கையாளும் மூளைப் பகுதியான அமிக்டலா, ஹிப்போகாம்பஸின் வேலைக்கு வலுவூட்டுகிறது. ஆனால் ஓரத்து விவரங்களுக்கு அந்தப் பாதுகாப்பு கிடைப்பதில்லை. சட்டையின் நிறம் பின்னர் கண்ட ஒரு புகைப்படத்திலிருந்து வந்து சேர்ந்திருந்தால், அதை உங்கள் மனம் தனியே பிரித்துக் காட்டாது.

கேள்வி: அப்படியானால் நீதிமன்றத்தில் நேர் சாட்சியின் மதிப்பு என்ன?

பதில்: இந்த வாதத்தில் நான் விட்டுக்கொடுக்காமல் நிற்பதற்குக் காரணமே இதுதான். உளவியலாளர்கள் எலிசபெத் லோஃப்டஸும் ஜான் பாமரும் 1974-இல் ஒரு கார் மோதல் படத்தை மாணவர்களுக்குக் காட்டினர். கார்கள் 'இடித்துக்கொண்டபோது' என்ன வேகம் என்று 50 பேரிடமும், 'மோதி நொறுங்கியபோது' என்ன வேகம் என்று 50 பேரிடமும் கேட்டனர். ஒரு வாரத்துக்குப் பின் உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று விசாரித்தபோது, முதல் குழுவில் 7 பேரும் இரண்டாவதில் 16 பேரும் பார்த்ததாகக் கூறினர். படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது. விசாரிப்பவரின் ஒரு சொல் சாட்சியின் நினைவுக்குள் நுழைந்துவிடும் என்பதால், யாரும் வழிகாட்டாமல் உடனே பெறப்பட்ட முதல் வாக்குமூலத்துக்கே நான் அதிக மதிப்பளிப்பேன். மாதங்கள் கழித்துக் கூண்டில் தோன்றும் உறுதி வேறு, உண்மை வேறு. இந்த இரண்டையும் ஒன்றாகக் கருதியதால் குற்றமற்றவர்கள் சிறையில் வாடியிருக்கிறார்கள், பின்னாளில் மரபணுச் சோதனையால் விடுவிக்கப்பட்டிருக்கிறார்கள்.

கேள்வி: எந்தத் தேதியைச் சொன்னாலும் அன்று நடந்ததைச் சொல்லிவிடுபவர்கள் உண்டே?

பதில்: உண்டு, மிக அரியவர்கள். பொய் நினைவை உண்டாக்கும் சோதனைகளை 2013-இல் அவர்களிடம் நடத்தியபோது, அவர்களும் மற்றவர்களைப் போலவே ஏமாந்தனர்.

கேள்வி: இவற்றையெல்லாம் படித்தபின் கலக்கமாக இருக்கிறது. மறைந்த என் தாயைப் பற்றிய நினைவுகளும் பொய்யா?

பதில்: இல்லை, அம்மா. நினைவுகூரும்போதெல்லாம் மனம் சிதறல்களைச் சேர்த்துக் கட்டுகிறது என்பதால் கட்டப்பட்டது முழுவதும் கற்பனை என்று ஆகாது. அவர் எப்படிப்பட்டவர், உங்களிடம் எப்படி இருந்தார் என்பன போன்ற, பலமுறை கண்டு உணர்ந்தவை, ஒரு நாளின் நேரத்தையும் இடத்தையும்விட நன்றாக நிலைக்கின்றன. இன்ன நாளில் இன்ன சொன்னார் என்பவற்றைக் காக்க விரும்பினால் இப்போதே எழுதி வையுங்கள். உடன்பிறந்தவர்களோடு பேசி ஒப்பிடுவதற்கு முன் எழுதுங்கள். பேசிய பிறகு, அவர்கள் கண்டதும் உங்கள் நினைவில் கலந்துவிடும்.

கேள்வி: நினைவாற்றல் மாத்திரைகளில் எது பக்கவிளைவு இல்லாதது?

பதில்: இதற்கு இரண்டு முறை பதில் சொல்லிவிட்டேன். தயவுசெய்து மேலே படியுங்கள்.

கேள்வி: என் தந்தைக்கு 71 வயது. பெயர்கள் மறப்பது பழைய பழக்கம். இப்போது ஒரே கேள்வியை ஒரு மணி நேரத்தில் பலமுறை கேட்கிறார். நாள்தோறும் நடக்கும் தெருவில் வழி தவறினார். ஆனால் தமக்கு ஒன்றுமில்லை என்று உறுதியாகச் சொல்கிறார்.

பதில்: அவருடைய உறுதியை வைத்து முடிவு செய்யாதீர்கள். பெயர் சட்டென நாவில் வராமல், பிறகு தானாக வருவது முதுமையில் இயல்பு. பழகிய தெருவில் வழி தவறுவது அப்படியல்ல. தள்ளிப்போடாமல் நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மனச்சோர்வு, தைராய்டு குறைவு போன்ற சரிசெய்யக்கூடிய காரணங்களும் இருக்கலாம். அவர் உட்கொள்ளும் எல்லா மருந்துகளின் பட்டியலையும் உடன் எடுத்துச் செல்லுங்கள். தூக்க மாத்திரைகளும் சில ஒவ்வாமை மருந்துகளும் முதியவர்களின் நினைவைக் குழப்பக்கூடியவை.