முதுகுல சொடக்கு எடுத்தா பாய் நனையறது நிக்குமா?

கேள்வி: டாக்டரம்மா, நாங்க கேரளாவுல கொழிஞ்சாம்பாறை பக்கம், வீட்ல பேசறது தமிழ்தான். எம்பையனுக்கு 8 வயசு முடிஞ்சுது, இன்னும் வாரத்துல நாலஞ்சு ராத்திரி படுக்கையிலயே ஒண்ணுக்கு போயிடறான். பகல்ல ஒரு தொந்தரவும் இல்ல, சின்னதுல இருந்தே இப்படித்தான், நடுவுல நின்னதே இல்ல. மாமியார் உழிச்சல் எடுக்கணும், அதாவது எண்ணெய் போட்டு உடம்ப நீவி விடணும்ங்கறாங்க, வீட்டுக்காரர் ரீல்ஸ் பாத்துட்டு கோயமுத்தூர்ல முதுகெலும்ப திருகி சொடக்கு எடுக்கற ஒரு கைரோபிராக்டிக் சென்டருக்கு கூட்டிட்டு போனார், முதுகெலும்பு நகந்து நரம்ப அமுக்குது, 12 சிட்டிங் வந்தா சரியாயிடும்னாங்களாம். போலாமா? ஜனவரியில ஸ்கூல் டூர் வேற, ஒரு ராத்திரி தங்கணும், இவன் வரமாட்டேன்னு அழறான்.

பதில்: வேண்டாம்மா, அந்த 12 சிட்டிங் வேண்டாம்.

மூத்திரப்பைக்கு போற நரம்பு இடுப்புக்கு கீழ திருவெலும்பு பக்கத்துல இருந்துதான் வருது, அது நெஜம், அதனாலதான் அவங்க சொல்றது கேக்க நியாயமா இருக்கு. ஆனா அந்த நரம்பு உண்மையிலேயே அமுங்கிச்சுன்னா ராத்திரி மட்டும் பாத்தா அமுங்கும்? பகல்லயும் சொட்டு சொட்டா ஜட்டி நனையும், மலம் போறதுல கோளாறு வரும், கால் பலம் குறையும், நடை மாறும். அப்படி ஒரு குழந்தை வந்தா நான் மொதல்ல எம்ஆர்ஐ எடுக்கத்தான் அனுப்புவேன், யாரையும் முதுக திருகி சொடக்கு எடுக்க விடவே மாட்டேன். நீங்களே குளிப்பாட்டும்போது ஒரு தடவ பாருங்க, அடிமுதுகுல நடுவுல ஆழமா குழியோ, கொத்தா முடியோ இருக்கான்னு, இருந்தா உடனே டாக்டர்கிட்ட காட்டுங்க.

இந்த கைரோபிராக்டிக் 1895ல அமெரிக்காவுல அயோவா மாநிலத்து டேவன்போர்ட் ஊர்ல டி.டி. பால்மர்ங்கறவர் ஆரம்பிச்சது. காது கேக்காத ஒரு தொழிலாளிக்கு முதுகெலும்ப தள்ளிவிட்டேன், காது கேட்டுச்சுன்னு சொன்னார். காதுக்கு போற நரம்பு முதுகெலும்பு வழியா போறதே இல்லம்மா. அதுக்கப்புறம் எந்த வியாதிக்கும் எலும்பு நகந்ததுதான் காரணம்னு சொல்ற வழக்கம் வந்துடுச்சு, படுக்கையில மூத்திரம் போறதும் அதுல சேந்துடுச்சு. 1994ல அவங்க துறை பத்திரிகையிலேயே ஒரு ஆய்வு வந்துச்சு, 46 குழந்தைங்க, 10 வாரம். வைத்தியம் பாத்த பிள்ளைங்களுக்கு ரெண்டு வாரத்துல சராசரியா 9.1 ராத்திரி நனைஞ்சது 7.6 ஆச்சு, அவ்வளவுதான். பாக்காத பிள்ளைங்களோட ஒப்பிட்டா அது வைத்தியத்தால குறைஞ்சதுன்னு உறுதியா சொல்ற அளவுக்கு வரல.

ஆனா எங்க பிள்ளைக்கு நின்னுச்சேன்னு சத்தியம் பண்றவங்க இருப்பாங்க, அவங்க பொய் சொல்லல. இந்த மாதிரி பிள்ளைங்க 100 பேர்ல வருஷத்துக்கு 15 பேருக்கு போல ஒண்ணுமே செய்யாம தானா நின்னுடும், சிட்டிங் நடக்கறப்ப நின்னா பேர் சிட்டிங்குக்கு போயிடும். உழிச்சலும் அப்படித்தான். பாட்டிக்கு ஆசையா இருந்தா எண்ணெய் தேச்சு குளிப்பாட்டட்டும், அதனால இது நிக்கும்னு எதிர்பாக்காதீங்க.

அவனுக்கு நடக்கறது இதுதான்: பை நெறைஞ்சாலும் தூக்கம் கலையறதில்ல, ராத்திரி மூத்திரத்த குறைக்கற ஹார்மோன் சில பிள்ளைங்களுக்கு போதுமான அளவு சுரக்கறதில்ல. சோம்பேறித்தனமும் இல்ல, திமிரும் இல்ல. உங்க மாமியார்கிட்ட மெதுவா கேளுங்க, அவங்க பையன் எத்தன வயசுல நிறுத்துனார்னு. அப்பா அம்மால ஒருத்தருக்கு இருந்தா பிள்ளைக்கு வர வாய்ப்பு 100க்கு 44, ரெண்டு பேருக்கும் இருந்தா 77. அவருக்கும் இருந்துதுன்னா அத அவரே பையன்கிட்ட சொல்லணும், எனக்கும் இருந்துச்சுடா நின்னுபோச்சுன்னு அப்பா வாயால கேக்கறது அந்த பிள்ளைக்கு எவ்வளவு பெரிய தைரியம்.

அடுத்து மலச்சிக்கல் இருக்கான்னு பாருங்க, இத யாரும் கேக்கறதே இல்ல. குடல்ல கெட்டியா தேங்கினது மூத்திரப்பைய அமுக்கும், அத சரி பண்ணாலே சில பிள்ளைங்களுக்கு பாய் காஞ்சுடும். ஸ்கூல் பாத்ரூம் பிடிக்காம பகல் முழுக்க தண்ணி குடிக்காம, அடக்கிட்டே இருந்துட்டு, ராத்திரி சோத்தோட சொம்பு சொம்பா சீரகத் தண்ணி குடிக்கறானா? அத பகலுக்கு மாத்துங்க, சாயங்கால சாயாவும் வேண்டாம்.

இதுக்கு மேல நல்ல வழி அலாரம். ஜட்டியில மாட்டற சென்சார், மொத சொட்டுலயே மணி அடிக்கும். ஆரம்பத்துல அவன் எழமாட்டான், நீங்கதான் எழுந்து அவன எழுப்பி பாத்ரூமுக்கு நடக்க வைக்கணும், ரெண்டு மூணு மாசம் விடாம செய்யணும், தொடர்ந்து 14 ராத்திரி காஞ்சு இருக்கற வரைக்கும். பொறுமையா செஞ்சா மூணுல ரெண்டு பிள்ளைங்களுக்கு சரியாகுது.

டூருக்கு டெஸ்மோபிரெசின்னு மாத்திரை இருக்கு, டாக்டர்கிட்ட காட்டி அவர் எழுதிக் குடுத்தா மட்டும் குடுங்க, டூருக்கு முன்னாடியே வீட்ல குடுத்து பாத்துடுங்க. அத போட ஒரு மணி நேரம் முன்னாடியிலிருந்து போட்டப்பறம் 8 மணி நேரம் வரை தண்ணி நெறைய குடிக்கக் கூடாது, ரத்தத்துல உப்பு குறைஞ்சு ஃபிட்ஸ் வரைக்கும் போகலாம், கூட போற டீச்சர்கிட்ட இத தனியா சொல்லி வைங்க. ஒருவேள திடீர்னு தாகம் அதிகமாகி, எடை குறைஞ்சா, இல்ல மூத்திரம் போறப்ப எரிச்சல்னு சொன்னா, டூர் வரைக்கும் காத்திருக்காம அன்னிக்கே கூட்டிட்டு போங்க, சர்க்கரையா கிருமியான்னு பாக்கணும்.

நனைஞ்ச பாய வாசல்ல காயப்போடாதீங்கம்மா, பின்கட்டுல போடுங்க, கூட படிக்கற பிள்ளைங்க அந்த வழியாதானே ஸ்கூலுக்கு போகும்.