முதல் கோணல் முற்றும் கோணலா?

வாசகர் கேள்வி – பதில்: அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து

சீசன் தொடங்கி ஒரு வாரம்தான் ஆகிறது. வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே புலம்பல்: ஜெயித்தோம், ஆனால் ஜெயித்த மாதிரியே இல்லை. புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வரி. இங்கே கால்பந்து என்றால் முட்டை வடிவப் பந்தோடு பல்கலைக்கழக அணிகள் ஆடும் அமெரிக்க ஆட்டம்.

கேள்வி: எங்கள் அணி தரவரிசையில் முதல் பத்துக்குள் இருக்கிறது. முதல் ஆட்டம் எஃப்சிஎஸ் என்ற ஒருபடி கீழான பிரிவின் அணி ஒன்றோடு. ஆறு டச்டவுன் (எதிரணி எல்லைக்குள் பந்தைக் கொண்டுசேர்ப்பது; ஒன்றுக்கு ஆறு புள்ளி) வித்தியாசத்தில் அடிப்பார்கள் என்று எதிர்பார்த்தோம்; பத்துப் புள்ளியில் தப்பித்தோம். ‘முதல் கோணல் முற்றும் கோணல்’ என்கிறார் நண்பர். ‘ஜெயிச்சாச்சு, விடுங்க’ என்கிறேன் நான். யார் பக்கம் நியாயம்? (ஜார்ஜியா வாசகர்)

பதில்: உங்கள் நண்பருக்கு 2024 ஒரிகான் அணியைக் காட்டுங்கள். மூன்றாம் இடத்தில் சீசனைத் தொடங்கிய அணி, யூஜீனில் சொந்த மைதானத்தில், எஃப்சிஎஸ் அணியான ஐடஹோவை 24–14 என்றுதான் ஜெயித்தது. அதே பத்துப் புள்ளி. ஜெயித்தும் ஏபி செய்தி நிறுவனத்தின் தரவரிசையில் ஏழாம் இடத்துக்கு இறங்கியது. அடுத்த வாரம் பாய்ஸி ஸ்டேட்டை 37–34 என்று கடைசி நொடியில் உதைத்த ஃபீல்ட் கோலில் தாண்டியதும் ஒன்பதுக்குப் போனது. பிறகு பிக் டென் லீக் பட்டத்தோடு 13–0. தேசியப் பட்டச் சுற்றான பிளேஆஃபின் ரோஸ் பவுல் ஆட்டத்தில் ஒஹையோ ஸ்டேட்டிடம் 41–21 என்று விழும்வரை தோல்வியே இல்லை.

முதல் ஆட்டம் தடுமாறுவதற்கு அமைப்பிலேயே காரணம் இருக்கிறது. தொழில்முறை லீகான என்எஃப்எல் அணிகளுக்கு சீசனுக்கு முன் மூன்று ஒத்திகை ஆட்டங்கள் உண்டு. கல்லூரி அணிகளுக்கு ஒன்றுகூடக் கிடையாது. ஆகஸ்டில் மொத்தம் 25 பயிற்சி நாட்கள். அத்தனையும் தன் அணியோடு தானே மோதுவது. தன் டிஃபென்ஸ் (தடுக்கும் பக்கம்) என்ன செய்யும் என்பது ஆஃபென்ஸுக்கு (பந்தோடு தாக்கும் பக்கம்) மனப்பாடம். போதாததற்கு, அணி மாறும் வீரர்களுக்கான டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வழியாக வந்த புதுமுகங்கள். வேறு பல்கலைக்கழகத்தில் வேறு குறிச்சொற்களில் பழகியவர்கள். எதிரணியும் பயிற்சியாளரை மாற்றியிருந்தால், பார்த்துத் தயாராகப் பழைய வீடியோகூட இருக்காது.

அதற்காக ‘விடுங்க’ என்றும் விட்டுவிட முடியாது. 2007 செப்டம்பர் 1 அன்று ஐந்தாம் இடத்தில் இருந்த மிச்சிகனை எஃப்சிஎஸ் அணியான அப்பலாச்சியன் ஸ்டேட், மிச்சிகனின் சொந்த ஊரான ஆன் ஆர்பரிலேயே, 34–32 என்று சாய்த்தது. வந்து ஆடியதற்காக 4 லட்சம் டாலர் கொடுத்து அழைத்த அணி! மைதானத்தை அகலமாகப் பரப்பி, ஓடத் தெரிந்த குவார்ட்டர்பேக்கை (பந்தை வாங்கி எறிபவர்) வைத்து ஆடியவர்களை மிச்சிகன் டிஃபென்ஸால் ஓரங்களில் பிடிக்க முடியவில்லை. ஒரு வாரம் அவகாசம் இருந்தது. அதே பாணியில் ஆடிய ஒரிகான் வந்து 39–7 என்று அடித்துவிட்டுப் போனது. அது ஒருநாள் தடுமாற்றம் இல்லை.

ஆகவே கேட்க வேண்டியது எத்தனை புள்ளி என்பதல்ல. தெரிந்த குறை ஒரு வாரத்தில் ஆறுமா, ஒரு மாதத்தில் ஆறுமா, இந்த வருஷம் ஆறவே ஆறாதா? கீழே வரும் கேள்விகளுக்கெல்லாம் அடிப்படை இதுதான்.

கேள்வி: ஆட்டம் முடிந்ததும் வரும் புள்ளிவிவரப் பக்கத்தில் எதைப் பார்ப்பது? எங்கள் அணி பந்தோடு ஓடியது 36 முறை, எடுத்தது 110 யார்டுதான். ஓட்டமே வரவில்லை என்று எல்லோரும் திட்டுகிறார்கள். (டெக்சாஸ் வாசகர்)

பதில்: திட்டுவதற்கு முன் ‘சாக்’ கணக்கைக் கழியுங்கள். எறியும் முன் குவார்ட்டர்பேக்கைப் பந்தோடு மடக்குவதுதான் சாக். அதில் இழக்கும் யார்டை என்எஃப்எல் பாஸ் (எறிதல்) கணக்கில் கழிக்கும். கல்லூரிக் கணக்கில் அது ஓட்டத்தில் கழியும். உங்கள் ஆட்டத்தில் நான்கு சாக், 30 யார்டு இழப்பு என்று வைத்துக்கொள்வோம். உண்மையான ஓட்டம் 32 முறை, 140 யார்டு. முறைக்கு 3.1 என்று தெரிந்தது 4.4 ஆகிவிடும். அப்போது நோய் ஓட்டத்தில் இல்லை, பாஸ் பாதுகாப்பில் இருக்கிறது. மருந்தே வேறு.

அடுத்து, எத்தனை முறை பந்து கைக்கு வந்தது என்று எண்ணுங்கள். 2023 முதல் ஃபர்ஸ்ட் டவுன் (நான்கு முயற்சிக்குள், அதாவது நான்கு டவுனுக்குள், பத்து யார்டு முன்னேறுவது) எடுத்தாலும் கடிகாரம் நிற்பதில்லை. ஒவ்வொரு பாதியின் கடைசி இரண்டு நிமிடத்தில் மட்டும்தான் நிற்கும். பலவீனமான அணி ஒவ்வொரு முறையும் 40 விநாடியையும் கரைத்துவிட்டு ஸ்னாப் எடுத்தால் (பந்தைப் பின்னுக்குக் கொடுத்து முயற்சியைத் தொடங்கினால்) உங்களுக்கு ஒன்பது வாய்ப்புத்தான் கிடைக்கும். ஒன்பதில் 24 புள்ளி என்றால் வாய்ப்புக்கு 2.7. பதினான்கு வாய்ப்பில் 28 எடுத்தால் வெறும் 2. பலகையில் 28 பெரிதாகத் தெரியும். நன்றாக ஆடியது 24 எடுத்த அணிதான். கடைசியில் முழங்காலிட்டு நேரம் போக்கிய முறையைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

மூன்றாவது, சக்ஸஸ் ரேட்: மொத்த முயற்சிகளில் எத்தனை வெற்றி என்ற கணக்கு. சராசரி யார்டை ஒரே ஒரு 70 யார்டு ஓட்டம் ஊதிப் பெருக்கிவிடும். இது அப்படி ஏமாறாது. ஃபர்ஸ்ட் டவுனில் தேவையான தூரத்தில் பாதி, செகண்ட் டவுனில் 70 சதவீதம், தேர்ட், ஃபோர்த் டவுனில் முழுவதும் எடுத்தால் அந்த முயற்சி வெற்றி. முதலில் பத்துக்கு ஐந்து எடுத்தார்கள்: வெற்றி. மீதி ஐந்துக்கு மூன்று எடுத்தார்கள்: தேவை மூன்றரை, ஆகவே தோல்வி. மீதி இரண்டுக்கு இரண்டு: வெற்றி. மூன்றில் இரண்டு. ஒரு காகிதமும் பேனாவும் இருந்தால் மறுஒளிபரப்பைப் பார்த்துக்கொண்டே போட்டுவிடலாம். எஃப்சிஎஸ் அணியோடு ஆடும்போது பாதிக்கும் குறைவாக வந்தால் எனக்குக் கவலை வரும், ஸ்கோர் எதுவானாலும்.

டர்னோவரை (பந்தை எதிரணியிடம் இழப்பது) கடைசியில் பாருங்கள். ஃபம்பிள் ஆன, அதாவது கைநழுவிய, பந்து யார் கையில் சிக்கும் என்பது ஏறக்குறைய நாணயம் சுண்டுவதுதான். முட்டைப் பந்து எந்தப் பக்கம் துள்ளும் என்று பந்துக்கே தெரியாது. மூன்று ஃபம்பிளில் மூன்றையும் இழந்திருந்தால் அதில் ஒன்றரை அதிர்ஷ்டத்தின் பங்கு. ஆனால் மூன்று முறை நழுவியதே ஏன் என்பது வேறு கேள்வி. ஒரே ரன்னிங் பேக் (பந்தோடு ஓடுபவர்) பந்தை உடம்பிலிருந்து விலக்கிப் பிடித்து ஓடுகிறாரா, ஸ்னாப்பே கோணலாக வருகிறதா என்று பாருங்கள். இரண்டுமே ஒரு வாரத்தில் திருத்தக்கூடியவை.

கேள்வி: ‘லைன் சரியில்லை’ என்று எல்லோரும் சொல்கிறார்கள். டிவியில் பார்த்து அதை எப்படிக் கண்டுபிடிப்பது? எனக்குப் பந்து போகும் இடம்தான் தெரிகிறது. (நியூ ஜெர்சி வாசகி)

பதில்: ஸ்னாப் ஆனதும் இரண்டு விநாடி பந்தைப் பார்க்காதீர்கள். கொஞ்சம் கஷ்டம்தான், பத்து ஆட்டத்தில் பழகிவிடும். லைன் என்பது குவார்ட்டர்பேக்குக்கு முன்னால் நிற்கும் ஐந்து பேர். அதில் நடுவில் இருக்கும் சென்டரையும் இரு பக்கக் கார்டுகளையும் மட்டும் பாருங்கள்.

ஓட்டம் என்றால், பந்து வைத்த கோட்டைத் தாண்டி அவர்கள் தோள் முன்னே போயிருக்கிறதா? நின்ற இடத்திலேயே கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றால் எதிரணிக்கு அது வெற்றி. ஒரு யார்டு மட்டும் வேண்டிய தேர்ட் டவுன்களைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். எல்லோருக்கும் ஓட்டம் என்று தெரிந்தும் எடுக்க முடிகிறதா என்பதுதான் அங்கே சோதனை.

பாஸ் என்றால் இரண்டு விதமான தோல்வி உண்டு. எதிரணியில் வெளிப்பக்கம் நிற்கும் டிஃபென்சிவ் எண்ட் உள்ளே பாய்வார். உள்ளே நின்ற எதிரணி டேக்கிள் அவர் முதுகுக்குப் பின்னால் சுற்றி வெளியே வருவார். இதற்கு ட்விஸ்ட் என்று பெயர். நம் கார்டும் அவருக்கு வெளியே நிற்கும் நம் டேக்கிளும் ஆளை மாற்றிக்கொள்ள வேண்டும். கார்டு தன் ஆளையே துரத்திக்கொண்டு வெளியே போனால் இருவரும் ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொள்வார்கள், நடுவில் கதவு திறந்துகொள்ளும். இது பலக் குறைவு இல்லை, பழக்கக் குறைவு. அதே ஐந்து பேர் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஆடினால் ஐந்தாறு வாரத்தில் சரியாகும்.

இன்னொன்று: ஆள் சரியாகத்தான் நிற்கிறார், ஆனால் எதிராளி மார்பில் கைவைத்துத் தள்ளிக்கொண்டே குவார்ட்டர்பேக் மடிவரை கொண்டுபோய்விடுகிறார். இதற்கு டிசம்பருக்குள் மருந்து கிடையாது. ஆளை மாற்றலாம், பந்தைச் சீக்கிரம் எறியலாம், அவ்வளவுதான். லைன்மேன்மேல் ஹோல்டிங் பெனால்ட்டி அடிக்கடி விழுந்தாலும் இந்தச் சந்தேகம் வரட்டும். கால் பிந்தியவர்தான் கையால் பிடித்து இழுப்பார்.

முதல் வகைக்கு நல்ல உதாரணம் 2014 ஒஹையோ ஸ்டேட். லைனில் நான்கு இடத்துக்குப் புது ஆட்கள், ஆகஸ்டில் காயமான குவார்ட்டர்பேக்குக்குப் பதில் அனுபவமில்லாதவர். நேவியோடு முதல் பாதியில் பின்தங்கி, கடைசியில் 34–17 என்று ஜெயித்தார்கள். அடுத்த வாரம் வர்ஜீனியா டெக் லைனின் குழப்பத்தைக் குறிவைத்து ஆள் மேல் ஆளாக அனுப்பி 35–21 என்று வீழ்த்தியது. அதே லைன் ஜனவரியில் தேசிய இறுதி ஆட்டத்தில் திறந்த வழியில் எஸகீல் எலியட் 246 யார்டு ஓடினார். ஒரிகானை 42–20 என்று தோற்கடித்துக் கோப்பை.

கேள்வி: ‘பெரிய ஆட்டத்துக்காக பிளேபுக்கை (அணியின் ஆட்டத் திட்டங்களை) ஒளித்து வைத்திருக்கிறார்கள், அதனால்தான் இப்படி’ என்கிறார்களே, நம்பலாமா?

பதில்: பாதி உண்மை. எல்லாப் பயிற்சியாளரும் ஒளிப்பார்கள். ஆனால் முதல் பாதியில்தான் அந்தச் சமாதானம் செல்லும். நான்காம் குவார்ட்டரில் மூன்று புள்ளி முன்னிலையோடு தவிக்கும்போதும் பெட்டிக்குள் நல்ல ஆட்டம் இருக்கிறது என்றால், பெட்டி காலி என்றுதான் நான் நினைப்பேன்.

கேள்வி: ஜெயித்தும் தரவரிசையில் நான்கு இடம் இறங்கிவிட்டோம். பிளேஆஃப் வாய்ப்பு போய்விட்டதா? எஃப்சிஎஸ் வெற்றி கணக்கில் வருமா? (ஒஹையோ வாசகர்)

பதில்: இறங்கியது பத்திரிகையாளர்கள் ஓட்டுப்போடும் ஏபி பட்டியலில். 12 அணி பிளேஆஃபைத் தேர்ந்தெடுப்பது 13 பேர் கொண்ட தனிக்குழு. அவர்களின் முதல் பட்டியல் நவம்பரில்தான் வரும். எவ்வளவு வித்தியாசத்தில் ஜெயித்தீர்கள் என்பதை ஊக்குவிக்கக் கூடாது என்று அவர்கள் விதிமுறையிலேயே இருக்கிறது. ஆட்களின் கண் பார்க்காமல் இருக்குமா என்பது வேறு விஷயம்.

சீசன் முடிவில் நடக்கும் பவுல் ஆட்டத்துக்குத் தகுதி பெற ஆறு வெற்றி வேண்டும். அதில் எஃப்சிஎஸ் அணியை வென்றது வருஷத்துக்கு ஒன்றுதான் சேரும். உங்கள் அணி முதல் பத்துக்குள் என்றால் அந்தக் கணக்கு உங்களுக்கு வேண்டியிருக்காது.

கேள்வி: முதலாண்டு குவார்ட்டர்பேக்கை ஒரு ஸ்னாப்கூட ஆடவிடவில்லை. ஏன்? (கலிபோர்னியா வாசகர்)

பதில்: தடுமாறி ஜெயிப்பதன் உண்மையான நஷ்டம் இதுதான், யாரும் பேசுவதில்லை. 42–0 என்று இருந்தால் மூன்றாம் குவார்ட்டரிலேயே இரண்டாம் வரிசை மொத்தமும் இறங்கும். 30 ஸ்னாப் கிடைக்கும். அந்த 30 ஸ்னாப்பை அக்டோபரில் யாராவது காயப்படும்போது தேடுவீர்கள். ஒரு வீரர் சீசனில் நான்கு ஆட்டம்வரை ஆடியும் ரெட்ஷர்ட் ஆண்டை (ஆடும் தகுதி ஆண்டுகளில் கழியாத ஆண்டு) காப்பாற்றிக்கொள்ளலாம் என்ற விதி 2018 முதல் இருக்கிறது. ஆகவே அவரைப் பாதுகாக்க உட்காரவைத்தார்கள் என்று சொல்ல முடியாது. ஸ்கோர் இடம் கொடுக்கவில்லை.

முதல் குவார்ட்டர்பேக்கையே மாற்றச் சொல்லி நிறைய கடிதங்கள். இரண்டு இன்டர்செப்ஷன் (எறிந்த பந்தை எதிரணி பிடிப்பது) என்ற எண்ணை வைத்து வேண்டாம். ஒன்று ரிசீவர் கையில் பட்டுத் தெறித்ததா, காலுக்கடியில் ஆள் இருந்தபோது எறிந்ததா, நின்று நிதானமாகப் பார்த்து எதிரணி ஆளிடமே கொடுத்ததா? மூன்றாவது வகை இரண்டு இருந்தால் எனக்கும் கடிதம் எழுதத் தோன்றும்.

கேள்வி: வரும் சனிக்கிழமை எதைப் பார்த்தால் திருந்தியிருக்கிறார்கள் என்று தெரியும்?

பதில்: சீசன் நடக்கும்போது வாரத்துக்கு 20 மணி நேரம்தான் பயிற்சி, ஒருநாள் கட்டாய ஓய்வு. அதற்குள் முடியக்கூடியது எதுவோ அதை மட்டும் எதிர்பாருங்கள். முதலில் ஸ்னாப்புக்கு முந்தைய ஐந்து யார்டு பெனால்ட்டிகள்: ஃபால்ஸ் ஸ்டார்ட் (முன்கூட்டியே அசைவது), நேரம் கடத்தல். போன வாரம் சொந்த மைதானத்தில் ஆறு விழுந்திருந்தால் இந்த வாரம் இரண்டுக்கு இறங்க வேண்டும். ஆளை இறக்குவதில் குழப்பமாகி டைம்அவுட் வீணாக்குவதும் நிற்க வேண்டும்.

பிறகு டேக்கிளிங், அதாவது பந்துக்காரரைப் பிடித்து வீழ்த்துவது. ஆகஸ்டில் முழு மோதல் பயிற்சிக்குக் கட்டுப்பாடு இருப்பதால் முதல் ஆட்டத்தில் எல்லா அணியும் ஆளை நழுவவிடும். தலையைக் குனிந்து கணுக்காலில் பாய்ந்து தவறவிட்டவர் இந்த வாரம் நிமிர்ந்து மார்போடு மோதுகிறாரா பாருங்கள். ஆனால் போன வாரம் பந்துக்காரர் பக்கத்திலேயே போய்ச் சேராத லைன்பேக்கர் (தடுக்கும் முன்வரிசைக்குப் பின்னால் நிற்பவர்) யாராவது இருந்தால், அவர் எண்ணைக் குறித்து வையுங்கள். எதிரணிப் பயிற்சியாளரும் குறித்திருப்பார். முதல் பத்து ஸ்னாப்புக்குள் அவர் பக்கம் பந்து வரும்.