பராமரிப்பு இன்ஜினியருக்கு விண்வெளியில் என்ன வேலை?

அன்புள்ள ஐயா,

விண்வெளி வீரர்களைப் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். நான் மெக்கானிக்கல் இன்ஜினியர், பராமரிப்புப் பிரிவில் வேலை. வயது நாற்பதைத் தொடப்போகிறது. விமானம் ஓட்டத் தெரியாதவர்கள் மேலே போய் ஆறு மாதம் என்னதான் செய்கிறார்கள்? என்னைப் போன்றவர்களுக்கு அங்கே இடமுண்டா? சிரிக்காமல் பதில் எழுதுங்கள்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

சிரிக்க என்ன இருக்கிறது? நீங்கள் பார்க்கிற வேலையைத்தான் அங்கேயும் பார்க்கிறார்கள். சர்வதேச விண்வெளி நிலையத்தைக் கட்ட ஆரம்பித்தது 1998இல். பம்பு, ஃபில்டர், கழிப்பறை என்று ஏதாவது ஒன்று மக்கர் செய்துகொண்டே இருக்கும். ஆராய்ச்சிகளுக்கு நடுவே அதையும் பார்த்தாக வேண்டும்.

அகிஹிகோ ஹோஷிடேயை எடுத்துக்கொள்ளுங்கள். உங்களைப் போலவே மெக்கானிக்கல் படித்தவர். 1992இல் ஜப்பான் விண்வெளி அமைப்பில் சேர்ந்து எச்-2 ராக்கெட் பணியில் இருந்தார். வீரராகத் தேர்வானது 1999இல், மேலே போனது 2008இல். நடுவில் கொலம்பியா என்ற ஷட்டில் (விண்வெளி ஓடம்) விபத்துக்குள்ளாகி, ஷட்டில்கள் இரண்டரை வருடம் பறக்கவே இல்லை.

2012இல் இரண்டாவது முறை போனபோது, மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் பெட்டி ஒன்றை மாற்ற ஆகஸ்ட் 30 அன்று சுனிதா வில்லியம்ஸும் அவரும் வெளியே இறங்கினார்கள். பழையதைக் கழற்றியாயிற்று. புதியதைப் பூட்டினால் போல்ட் இறங்க மாட்டேன் என்கிறது. மரையில் உலோகத் துகள். கையுறைக்குள் காற்றழுத்தம் இருப்பதால் ஒவ்வொரு முறை விரலை மடக்குவதற்கும் பலம் வேண்டும். காலை எங்காவது மாட்டிக்கொள்ளாமல் ஸ்பேனரைத் திருப்பினால் போல்ட்டுக்குப் பதில் நாமே சுற்றுவோம். எட்டு மணி நேரத்துக்கு மேல் போராடிவிட்டு, பெட்டியைத் தற்காலிகமாகக் கட்டிவைத்துவிட்டு உள்ளே வந்தார்கள்.

அப்புறம்தான் அசல் இன்ஜினியரிங். உபரி கேபிளின் கம்பிகளைப் பிரித்து ஒரு பிரஷ். கைப்பிடியில் பல் துலக்கும் பிரஷைக் கட்டி இன்னொன்று. செப்டம்பர் 5 அன்று மறுபடி போய், துகளைச் சுத்தம் செய்து, கிரீஸ் தடவி, போல்ட்டை முடுக்கிவிட்டார்கள். விண்வெளி என்றாலே எனக்கு ராக்கெட் கிளம்புவதைவிட இதுதான் ஞாபகம் வரும்.

மற்றபடி அன்றாடம் கொஞ்சம் சலிப்பானதுதான். எலும்பும் தசையும் கரையாமலிருக்க தினமும் சுமார் இரண்டு மணி நேரம் உடற்பயிற்சி. தூங்குகிற இடத்தில் காற்றோட்டம் வேண்டும். இல்லாவிட்டால் நாம் விட்ட மூச்சு முகத்தைச் சுற்றியே தேங்கிவிடும்.

சரி, வயது. கிளேட்டன் ஆண்டர்சன் நாசாவிலேயே இன்ஜினியராக இருந்துகொண்டு வீரர் பணிக்குப் பதினைந்து முறை விண்ணப்பித்தார். 1998இல் தேர்வானபோது அவருக்கு 39. நிலையத்துக்குப் போனபோது 48. ஹோசே ஹெர்னாண்டஸ் என்ற மின்பொறியாளரைப் பதினோரு முறை வேண்டாம் என்றார்கள்; பன்னிரண்டாவது முறை எடுத்தபோது அவருக்கு 41. ஆக, வயது ஒரு தடையே இல்லை. குடியுரிமைதான் பெரிய தடை: நாசாவுக்கு அமெரிக்கக் குடியுரிமை கட்டாயம். கூட்டமும் அதிகம். 2020இல் பன்னிரண்டாயிரம் பேருக்கு மேல் விண்ணப்பித்தார்கள், எடுத்தது பத்துப் பேரை.

விமானம் ஓட்டத் தெரியாதது பரவாயில்லை. நீச்சல் தெரியுமா என்று நீங்கள் எழுதவில்லையே? நாசா பயிற்சியின் ஆரம்பத்திலேயே நீச்சல் தேர்வு உண்டு, அதுவும் விமான உடையும் ஷூவும் போட்டுக்கொண்டு.