சவுண்ட் கார்டை மாற்றாமலே மெட்டமைக்கலாம்

கேள்வி: நான் பள்ளி ஆசிரியை. குழந்தைகளுக்காகப் பாட்டு எழுதி நானே மெட்டுப் போடுவேன். வீட்டில் 8 ஜிபி ராம் உள்ள விண்டோஸ் கணினி இருக்கிறது. யூஎஸ்பி வசதியுள்ள இசைக் கீபோர்டும் இருக்கிறது. தனி சவுண்ட் கார்டு கிடையாது, மதர்போர்டில் இருப்பதுதான். அதை மாற்றாமல் இசை மென்பொருள் எதுவும் சரியாக ஓடாது என்கிறார் கடைக்காரர். ஆறாயிரம் ரூபாய்க்குள் ஏதாவது வழி உண்டா?
– ஒரு வாசகி, சிவகங்கை

பதில்: சவுண்ட் கார்டுக்கு இப்போது ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள். 1990-களில் அந்தப் பேச்சுக்கு அர்த்தம் இருந்தது. அன்று வீணை, வயலின் போன்ற ஒலியை உண்டாக்கியதே கார்டில் இருந்த சிப்தான். நல்ல கார்டு இல்லையென்றால் நல்ல ஒலியும் இல்லை. இன்று அந்த வேலையைக் கணினியின் பிராசசரும் மென்பொருளும் பார்த்துக்கொள்கின்றன. வந்த ஒலியை ஹெட்போனுக்கு அனுப்புவது மட்டும்தான் கார்டின் வேலை. அதற்கு உங்களிடம் இருப்பது தாராளமாகப் போதும்.

மென்பொருளில் முதலில் ஒன்றைத் தீர்மானியுங்கள்: குரலும் பதிவாக வேண்டுமா? வேண்டாமென்றால் எல்.எம்.எம்.எஸ். முழுக்க இலவசம். கட்டம் கட்டமாக ஸ்வரங்களை அடுக்கி வாத்திய இசை அமைக்கலாம். ஆனால் அதில் மைக் வைத்து நேரடியாகப் பாடிப் பதிய முடியாது. நீங்கள் பாடுகிறவர் என்பதால் ரீப்பர்தான் என் தேர்வு. 60 நாள் வரை எல்லா வசதிகளோடும் இலவசமாகப் பயன்படுத்தலாம். பிறகு தனிநபர் உரிமத்துக்கு 60 டாலர், நம் பணத்தில் ஐயாயிரத்துச் சொச்சம். பழைய கணினியிலும் இலகுவாக ஓடும். எஃப்.எல். ஸ்டூடியோவை நிறையப் பேர் சிபாரிசு செய்வார்கள், நல்ல மென்பொருள்தான். ஆனால் அதன் சோதனைப் பதிப்பில் சேமித்து வைத்த பாட்டை, பணம் கட்டும்வரை மறுபடி திறந்து தொடர முடியாது. யாராவது கிராக் செய்த பிரதியைப் பென் டிரைவில் கொடுத்தால் தயவுசெய்து வாங்காதீர்கள். அதோடு வைரஸும் வரலாம், வீட்டுக் கணினியில் இருக்கும் மற்றதெல்லாம் போய்விடலாம்.

கீபோர்டை யூஎஸ்பி கேபிளில் இணையுங்கள். பெரும்பாலான கீபோர்டுகளுக்குப் பிரிண்டருக்குப் போடும் கேபிளே பொருந்தும். அதில் போவது ஒலி அல்ல. எந்தக் கட்டையை எவ்வளவு அழுத்தமாக அடித்தீர்கள் என்ற மிடி தகவல் மட்டும்தான், அதனால் இங்கேயும் சவுண்ட் கார்டுக்கு வேலையில்லை. ரீப்பரோடு வாத்திய ஒலிகள் அதிகம் வராது. ஸ்ஃபோர்ட்சான்டோ என்ற இலவச பிளேயரைச் சேர்த்து, இலவச சவுண்ட்ஃபான்ட் (வாத்திய ஒலிகளின் தொகுப்பு) ஒன்றை அதில் போட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது ஒரு தொல்லை வரும். கட்டையை அழுத்தினால் ஒலி கொஞ்சம் தாமதித்து வரும், தாளமே பிடிபடாது. கார்டு சரியில்லை என்று கடைக்காரர் சொல்வது அநேகமாக இதை வைத்துத்தான். ஏசியோ ஃபோர் ஆல் என்ற இலவச டிரைவரை நிறுவி, ரீப்பரின் ஆடியோ அமைப்பில் அதைத் தேர்ந்தெடுங்கள். அதில் பஃபர் அளவை, அதாவது கணினி ஒரு தடவைக்குச் சேர்த்து அனுப்பும் ஒலித் துண்டின் அளவை, 512 என்று வைத்தால் அதனால் வரும் தாமதம் நொடியில் நூறில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிடும், விரலுக்குத் தெரியாது. ஒலியில் படபடவென்று வெடிப்புக் கேட்டால் 1024 ஆக்குங்கள்.

நம் மெட்டுகளுக்கு முக்கியமான விஷயம் கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்துப் பாடுவது. கட்டையில் ஸ்வரம் அசையாமல் நிற்கும், கேட்க உயிரே இருக்காது. இதற்குப் பிட்ச் பெண்ட், அதாவது ஸ்வரத்தை மேலும் கீழும் வளைக்கும் வசதி, உதவும். தோடி ராகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் காந்தாரம் ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் இடையே அசையும். பிட்ச் பெண்டின் வழக்கமான எல்லை மேலே இரண்டு அரைஸ்வரம், கீழே இரண்டு அரைஸ்வரம் (ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் உள்ள இடைவெளிதான் அரைஸ்வரம்). காந்தாரத்திலிருந்து கீழே இரண்டு போனால் ரிஷபம், மேலே இரண்டு போனால் மத்யமம், கச்சிதமாகப் பொருந்துகிறது. காந்தாரத்தை நீட்டி வைத்து, மிடி எடிட்டரின் அடியில் உள்ள பிட்ச் பகுதியில் மவுஸால் அலைபோல வரைந்து பாருங்கள். முதலில் செயற்கையாக இருக்கும். நீங்களே வாய்விட்டுப் பாடி, அந்த வேகத்துக்கு அலையைத் திருத்திக்கொண்டே வந்தால் படியும்.

மிருதங்கம், தபேலா இரண்டும் பொதுவான மிடி வாத்தியப் பட்டியலில் இல்லை. சித்தாரும் ஷெனாயும் உண்டு, இவை இல்லை. மிருதங்கம் வாசிப்பவர் யாராவது கிடைத்தால் தா, தொம் என்று ஒவ்வொரு சொல்லாக வாசிக்கச் சொல்லிப் பதிந்து வாருங்கள். பதிந்த ஒலியைக் கட்டையில் வாசிக்கவைக்கும் சாம்ப்ளர் ரீப்பரிலேயே இருக்கிறது, அதில் ஒவ்வொன்றையும் ஒரு கட்டைக்குக் கொடுத்துவிட்டால் கீபோர்டிலேயே தட்டலாம்.

குரலுக்கு மட்டும் மதர்போர்டின் மைக் துளையை நம்பாதீர்கள், இரைச்சல் வரும். ஃபேனை நிறுத்திவிட்டு, மெத்தை, துணிகள் உள்ள அறையில் ஹெட்போனில் இசையைக் கேட்டபடி உங்கள் போனிலேயே பாடிப் பதியுங்கள். அந்தக் கோப்பை ரீப்பரில் இழுத்துப் போட்டு, ஆரம்பத்தை மட்டும் நகர்த்திச் சரிசெய்தால் போதும். பின்னால் கையில் பணம் சேரும்போது யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸும் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) மைக்கும் வாங்கிக்கொள்ளலாம். இப்போதைக்குச் செலவு என்றால் காதை முழுவதும் மூடும் ஹெட்போன் ஒன்றுதான். உரிமத்துக்கான பணத்தை இரண்டு மாதம் கழித்துக் கட்டினால் போதும்.

பாட்டு முடிந்ததும் வேவ் கோப்பாக ஒன்று, எம்பி3 ஆக ஒன்று எடுத்து வையுங்கள். அப்புறம் குரல் டிராக்கை மியூட் செய்து இன்னொரு பிரதியும் எடுங்கள். ஆண்டு விழா மேடையில் பிள்ளைகள் நேரடியாகப் பாட அதுதான் வேண்டியிருக்கும்.